ஹார்மோன் ஊசிக்குப் பிறகு: புராஸ்டேட் புற்றுநோய் சிகிச்சையில் உணரும் தொல்லைகளும் உணராத சேதங்களும்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் சிகிச்சை எடுப்பவரிடம் என்ன சிரமம் என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் சொல்வது உடம்பில் திடீர் திடீரென்று ஏறும் சூட்டைப் பற்றித்தான். அடுத்தது அசதி. ரொம்ப நெருக்கமானவர்களிடம் மட்டும் தாம்பத்தியம் பற்றித் தயங்கித் தயங்கி ஒரு வரி. எலும்பு மெலிகிறது, தொடைத் தசை கரைகிறது, ரத்தச் சர்க்கரை ஏறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. அவை வலிப்பதில்லை, வியர்க்க வைப்பதில்லை, தூக்கத்தையும் கெடுப்பதில்லை. ஆனால் சில வருடம் கழித்து இடுப்பெலும்பு முறிந்தோ மாரடைப்பு வந்தோ ஒருவரைப் படுக்கையில் தள்ளக்கூடியவை இந்த இரண்டாவது வகைதான்.

ஆகவே இந்தச் சிகிச்சையைச் சமாளிப்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. தொல்லை தருவதற்கு மருந்து கேட்பது ஒன்று. தொல்லையே தராததை முன்கூட்டித் தேடிப் பிடிப்பது இன்னொன்று. முதலாவதை உடம்பே ஞாபகப்படுத்திவிடும். இரண்டாவது, யாராவது தேதி குறித்து வைத்தால்தான் நடக்கும்.

எங்கிருந்து வருகின்றன இவை?

1941இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் ஒன்றைக் காட்டினார்கள்: விரைகளை அகற்றினாலோ ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ, பரவிய புராஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன்தான் அந்தப் புற்றின் தீனி. ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு மூளையிலிருந்து விரைகளுக்குப் போகும் கட்டளைச் சங்கிலியின் முதல் ஹார்மோனைக் கண்டறிந்ததற்காக ஷாலி, கியுமென் இருவருக்கும் 1977இல் நோபலில் பங்கு கிடைத்தது. இன்று போடப்படும் லியூப்ரோலைடு, கோசரெலின், டிரிப்டோரெலின் ஊசிகள் அந்த ஆராய்ச்சியின் வழி வந்தவை. கத்தி வைக்காமல் விரைகளின் வேலையை நிறுத்துகின்றன.

எப்படி நிறுத்துகின்றன என்பது சுவாரசியமானது. மூளையின் அடியிலிருந்து விரைகளுக்குக் கட்டளை அனுப்பும் பிட்யூட்டரி சுரப்பியை இந்த ஊசிகள் தடுப்பதில்லை, ஓயாமல் தூண்டுகின்றன. விட்டு விட்டு வரவேண்டிய கட்டளை இடைவெளியே இல்லாமல் வந்துகொண்டிருப்பதால் சுரப்பி அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடுகிறது. ஆனால் முதல் ஓரிரு வாரங்கள் டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் கூடும். முதுகெலும்பில் புற்று உள்ளவருக்கு அந்த இடைக்காலம் ஆபத்தானது. அதனால்தான் ஊசியோடு சில வாரங்களுக்கு, டெஸ்டோஸ்டிரோன் புற்றில் வேலை செய்யாமல் தடுக்கும் பைகாலுடமைடு மாத்திரையும் சேர்த்துத் தருகிறார்கள். டெகரெலிக்ஸ் ஊசிக்கும் ரெலுகோலிக்ஸ் மாத்திரைக்கும் இந்தச் சிக்கல் இல்லை. அவை நேரடியாகத் தடுப்பவை.

வளர்ந்த ஆணின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 300 முதல் 1000 நானோகிராம் வரை டெஸ்டோஸ்டிரோன் இருக்கும். சிகிச்சையில் அது 50க்குக் கீழே, பலருக்கு 20க்கும் கீழே போய்விடும். இதோடு இன்னொன்றும் நடக்கிறது, அதைப் பலர் சொல்வதே இல்லை. ஆண் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோனிலிருந்துதான். ஒன்று போனால் மற்றதும் போகும். சூடு பரவுவதற்கும் எலும்பு கரைவதற்கும் இந்த ஈஸ்ட்ரோஜன் இழப்புக்குப் பெரிய பங்குண்டு. பிரிட்டனில் நடந்த பேட்ச் என்ற ஆய்வில் ஊசிக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜன் பட்டையைக் கொடுத்துப் பார்த்தபோது சூட்டுத் தொல்லையும் எலும்பு இழப்பும் குறைவாக இருந்தன. மார்பு வீங்குவதுதான் அதிகமாக இருந்தது.

சூடு

நெஞ்சில் தொடங்கி கழுத்து, முகம் என்று மேலே ஏறும். காது மடல் வரை சிவக்கும். ஓரிரு நிமிடத்தில் நெற்றியிலும் பிடரியிலும் வியர்வை கொட்டும். அது அடங்கும்போது நனைந்த சட்டையோடு குளிர் எடுக்கும். பகலில் இதைத் தாங்கிக்கொள்ளலாம். ராத்திரியில் போர்வையை உதறுவதும் மறுபடி இழுத்துப் போர்த்துவதுமாக மூன்று நான்கு தடவை விழிப்பு வந்தால், மறுநாள் அசதிக்கும் எரிச்சலுக்கும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை. சிகிச்சை எடுப்பவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இது ஏதாவது ஓர் அளவில் வரும்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி உடம்பின் வெப்பத்தை ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குள் வைத்திருக்கிறது. பாலியல் ஹார்மோன் இல்லாதபோது அந்த இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது. சூடான பானம், காரம், மது, புழுக்கமான அறை, பதற்றம் என்று எது வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டினாலும், காய்ச்சல் கண்ட உடம்பைக் குளிர்விப்பது போல மூளை அவசரமாக வியர்வையைத் திறந்துவிடுகிறது. அதனால் முதல் வேலை தூண்டுதலைக் கண்டுபிடிப்பது. ஒரு வாரம் நேரத்தையும் அதற்கு முன் என்ன சாப்பிட்டோம், எங்கே இருந்தோம் என்பதையும் ஒரு தாளில் குறித்தாலே பெரும்பாலும் புலப்பட்டுவிடும். படுக்கையில் ஒரு கனமான போர்வைக்குப் பதிலாக மெல்லியவை இரண்டு, பருத்தி உடை, தலைமாட்டில் குளிர்ந்த தண்ணீர், மின்விசிறி என்று எளிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம். மெதுவாக, ஆழமாக மூச்சுவிடும் பயிற்சியும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையும் தொல்லையைக் குறைக்கின்றன. எத்தனை முறை வருகிறது என்பதைவிட, வரும்போது எவ்வளவு பாடுபடுத்துகிறது என்பதை அவை மாற்றுகின்றன.

இதற்கும் அடங்காவிட்டால் மருந்து உண்டு. ‘புற்றுநோயே குணமாகிறது, இதைப் போய்ச் சொல்வதா’ என்று இருந்துவிடுகிறவர்கள் பலர். தேவையில்லாத தியாகம் அது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு முதலில் பரிந்துரைப்பது மெட்ராக்ஸிபுரொஜெஸ்டிரோன் மாத்திரை: நாளுக்கு 20 மில்லிகிராம், முதலில் 10 வாரம். மனச்சோர்வுக்குத் தரப்படும் வென்லாஃபாக்ஸினும் சிலருக்கு உதவுகிறது, ஆனால் ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். சிறுநீர்ப்பைக்கான ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்து சூட்டைக் குறைப்பதும் ஆய்வில் தெரியவந்திருக்கிறது. அது வாயை உலர்த்தும். வயதானவர்களுக்கு மறதியையும் குழப்பத்தையும் கூட்டலாம். ஏற்கெனவே புராஸ்டேட் அடைப்பால் சிறுநீர் தேங்குபவருக்கு அதைக் கொடுப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எலும்பு

சாதாரண முதுமையில் ஆண்களின் எலும்பு அடர்த்தி வருடத்துக்கு ஒரு சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகத்தான் குறையும். ஹார்மோன் சிகிச்சையின் முதல் வருடத்தில் 2 முதல் 5 சதவீதம் வரை போகலாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 50,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அலசியது. நோய் கண்ட பிறகு 5 வருடமாவது உயிர் வாழ்ந்தவர்களில், ஹார்மோன் சிகிச்சை பெற்றோரில் 19.4 சதவீதத்தினருக்கு எலும்பு முறிவு ஏற்பட்டிருந்தது. பெறாதோரில் 12.6 சதவீதம். புற்று பரவி எலும்பைப் பலவீனப்படுத்துவது வேறு, இது வேறு. புற்று எட்டிக்கூடப் பார்க்காத எலும்பும் மெலிகிறது.

கேட்க வேண்டிய பரிசோதனை, எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். சிகிச்சை தொடங்கும்போதே ஒன்று எடுத்துவைத்தால்தான் பிறகு எடுப்பதை ஒப்பிட முடியும். புற்று பரவியிருக்கிறதா என்று பார்க்கும் எலும்பு ஸ்கேன் இதற்கு உதவாது. இரண்டும் ஒன்றென்று நினைத்து, எலும்பு ஸ்கேன்தான் எடுத்தாயிற்றே என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உணவையும் சேர்த்து நாளுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம், 800 முதல் 1000 யூனிட் வைட்டமின் டி என்பது வழக்கமான இலக்கு. அடர்த்தி ஏற்கெனவே குறைந்திருந்தால் இது மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசியை 6 மாதத்துக்கு ஒரு முறை 60 மில்லிகிராம் போட்டுப் பார்த்த ஆய்வு 2009இல் வெளியானது. 1468 பேர் கலந்துகொண்ட அதில், மூன்று வருடத்தில் முதுகெலும்பில் புதிய முறிவு ஏற்பட்டவர்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 3.9 சதவீதம், டெனோசுமாப் போட்டவர்களில் 1.5 சதவீதம். சோலெட்ரானிக் ஆசிட் மற்றொரு வழி.

இரண்டு எச்சரிக்கைகள். இந்த ஊசிகளுக்கு முன்பே பல் மருத்துவரைப் பார்த்து, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். ஊசி தொடங்கிய பிறகு பல் பிடுங்கினால், அரிதாகச் சிலருக்குத் தாடையெலும்பு ஆறாமல் அழுகிப்போகிறது. அடுத்தது, டெனோசுமாப்பைத் தானாக நிறுத்தக் கூடாது, தவணையையும் தள்ளிப்போடக் கூடாது. நிறுத்தினால் கட்டிக் காத்த அடர்த்தி வேகமாகக் கரைந்து, முதுகெலும்பில் ஒரே நேரத்தில் பல முறிவுகள் வரலாம். நிறுத்துவதென்றால் அதற்கு ஈடாக வேறு மருந்து ஒன்றைத் தொடங்கிவிட்டுத்தான் நிறுத்துவார்கள்.

தசையும் அசதியும்

எடை எந்திரம் இங்கே ஏமாற்றும். முதல் வருடத்தில் உடம்பின் கொழுப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடும், தசை 3 சதவீதம் அளவுக்குக் குறையும். எடை கூடியதாகக் காட்டுவதால் ‘உடம்பு தேறிவிட்டது’ என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். தசை போனதை எந்திரம் சொல்லாது, நாற்காலி சொல்லும். முன்பு சட்டென்று எழுந்தவர், இப்போது இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் ஒருமுறை சாய்ந்து, அப்புறம்தான் எழுகிறார். இதை அவருக்கு முன் வீட்டில் இருப்பவர்கள்தான் கவனிப்பார்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை உட்கார்ந்து எழ முடிகிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது செலவில்லாத பரிசோதனை. தொடை பலவீனமாகிறவர்தான் தடுமாறி விழுவார், மெலிந்த எலும்போடு விழுவார்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்று ஒருவர் சொன்னால், எடை தூக்கும் பயிற்சியைச் செய்யுங்கள் என்பேன். டெஸ்டோஸ்டிரோன் இல்லாமல் தசை எப்படி வளரும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் வளர்கிறது, வலுவும் ஏறுகிறது. கனடாவில் 155 பேரை வைத்து நடந்து 2003இல் வெளியான ஆய்வில், வாரம் மூன்று முறை, 12 வாரம் எடைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலு கூடியதோடு அசதியும் குறைந்தது. அசதிக்கு ஓய்வு மருந்தில்லை என்பதைப் பலரால் நம்ப முடிவதில்லை. ஓய்வெடுக்க எடுக்கத் தசை இன்னும் போகும், அசதி இன்னும் கூடும்.

நடைப்பயிற்சி நல்லதுதான். இதயத்துக்கு அது வேண்டும், வாரம் 150 நிமிடம் என்பது வழக்கமான அளவு. ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடை, இடுப்பு, முதுகு, தோள் என்று பெரிய தசைகளுக்கு வேலை தரவேண்டும். 8 முதல் 12 முறை தூக்கியதும் இனி முடியாது என்று தோன்றும் எடைதான் சரியான எடை. தண்ணீர் பாட்டிலும் ரப்பர் பட்டையும் கூட ஆரம்பத்துக்குப் போதும். எலும்பில் புற்று பரவியிருப்பவர் மட்டும் தானாகத் தொடங்கக் கூடாது. எந்த எலும்பில் இருக்கிறதோ அதன் மேல் பாரம் விழாதபடி, முதுகை முறுக்காதபடி பயிற்சியை அமைத்துத் தர ஒரு பிசியோதெரபிஸ்ட் வேண்டும்.

பயிற்சி செய்தும் அசதி போகவில்லை என்றால் அதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ரத்தச் சிவப்பணுக்கள் உருவாகவும் டெஸ்டோஸ்டிரோன் தேவை, அதனால் ஹீமோகுளோபின் குறைவது சாதாரணம். தைராய்டு, வைட்டமின் டி, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்.

சர்க்கரையும் இதயமும்

ஹார்மோன் குறைந்ததும் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. 73,000க்கும் மேற்பட்ட முதியவர்களை வைத்து 2006இல் வெளியான ஆய்வில், இந்த ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குப் புதிதாக நீரிழிவு வரும் வாய்ப்பு 44 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2010இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நீரிழிவு, இதய நோய் பற்றிய எச்சரிக்கையை இந்த ஊசிகளின் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. ஏற்கெனவே சுகர், பிபி இருப்பவர்கள் ஊசிக்கு முன் ஓர் அளவும், பிறகு சில மாதத்துக்கு ஒருமுறையும் சர்க்கரை, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மாத்திரையின் அளவை மாற்ற வேண்டி வரலாம். புகைப்பிடிப்பவர் நிறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் கிடைக்காது.

மருந்தை மாற்றினால் இதயத்துக்கு நல்லதா? 2020இல் வெளியான ஹீரோ ஆய்வில் லியூப்ரோலைடு எடுத்தவர்களில் 6.2 சதவீதத்தினருக்குப் பெரிய இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் வந்தன. ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 2.9 சதவீதம். மறுவருடம் டெகரெலிக்ஸை லியூப்ரோலைடோடு ஒப்பிட்ட ப்ரொனவுன்ஸ் ஆய்வில் வேறுபாடு தெரியவில்லை, ஆனால் போதுமான ஆட்கள் சேராமல் அது பாதியில் நின்றது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் இந்தக் கேள்வியை மருத்துவரிடம் எழுப்புவது நியாயம். மற்றவர்கள் இதற்காகப் பதற வேண்டியதில்லை.

வாய்விட்டுச் சொல்லாதவை

ஆசை போய்விடும். விறைப்பு போவதற்கு முன்பே ஆசையே போய்விடும் என்பதுதான் பலரையும் குழப்புவது. விறைப்புக்கான மாத்திரைகள் ரத்த ஓட்டத்தைத் திறக்குமே தவிர, விருப்பத்தை உண்டாக்காது. அதனால் அவற்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று மனம் நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். விரைகளும் ஆணுறுப்பும் சுருங்கலாம். இதையெல்லாம் ஊசிக்கு முன்பே கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து மருத்துவர் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை வராது. சொல்லாவிட்டால், அவர் விலகிப் போவதை மனைவி வேறு விதமாகப் புரிந்துகொள்வார். கணவரோ வெட்கத்தில் தொடுவதையே நிறுத்திவிடுவார். சேர்ந்து படுப்பது, கையைப் பிடித்துக்கொள்வது இவையும் அதோடு நின்றுபோவதுதான் உண்மையான இழப்பு என்று எனக்குப் படுகிறது. சிகிச்சைக்குப் பிறகு உறவு திரும்ப வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு வாக்குவம் பம்ப் போன்றவை திசுக்களைப் பராமரிக்க உதவும். பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர் ஊசிக்கு முன்பே விந்தணுவைச் சேமித்துவைக்க வேண்டும்.

மார்பு வீங்குவதும் தொட்டால் வலிப்பதும் பைகாலுடமைடை மட்டும் 150 மில்லிகிராம் அளவில் எடுப்பவர்களுக்கு மிக அதிகம். வருமுன் தடுக்க முடியும்: மாத்திரை தொடங்குவதற்கு முன் மார்புக்கு ஒரு சிறிய கதிர்வீச்சு, அல்லது டமோக்ஸிஃபென் மாத்திரை. வளர்ந்து ஒரு வருடம் ஆகி இறுகிவிட்டால் பிறகு அறுவைதான். சட்டை தளர்வாகப் போட்டு மறைத்துக்கொண்டு காத்திருப்பதால் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

மனம் தனிக்கதை. காரணமில்லாமல் கண் கலங்குவது, சின்ன விஷயத்துக்கு எரிந்து விழுவது, பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வராமல் போவது எல்லாம் வரும். சிலருக்கு அது முழு மனச்சோர்வாகவே மாறும். முன்பு மனச்சோர்வு இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

புதிய மாத்திரைகள்

ஊசியோடு இப்போது பலருக்கு இரண்டாவது மருந்தும் சேர்கிறது, அதற்கென்று தனித் தொல்லைகளும் சேர்கின்றன. அபிராடெரோன் பிபியை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும், காலில் நீர் கோக்க வைக்கும், கல்லீரலையும் பாதிக்கலாம். முதல் மூன்றையும் கட்டுப்படுத்தத்தான் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டோடு சேர்த்துத் தருகிறார்கள். ஸ்டீராய்டு கெடுதல் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை மட்டும் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. அபிராடெரோனை வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். உணவோடு எடுத்தால் ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். என்சாலுடமைடில் அசதியும் கீழே விழுவதும் அதிகம், அரிதாக வலிப்பு வரலாம். அபலுடமைடு தோலில் தடிப்பையும் தைராய்டுக் குறைவையும் உண்டாக்கலாம். டாரோலுடமைடு மூளைக்குள் குறைவாகவே போவதால் அசதி, விழுவது, வலிப்பு போன்ற தொல்லை குறைவு. என்சாலுடமைடும் அபலுடமைடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகள் உட்படப் பல மருந்துகளின் வீரியத்தைக் குறைக்கின்றன. எனவே தினமும் விழுங்கும் அத்தனை மாத்திரைகளின் பட்டியலும், மூலிகைப் பொடி உட்பட, மருத்துவரின் கையில் இருக்க வேண்டும்.

சிலவற்றுக்கு அடுத்த தேதி வரை காத்திருக்கவே கூடாது. புதிதாக முதுகுவலி வந்து காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ அது தண்டுவடம் நசுங்குவதாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத்திணறல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் இவையும் அப்படியே.

ஊசியை நிறுத்தினால்

எவ்வளவு காலம் என்பதுதான் பக்கவிளைவுகளின் அளவைத் தீர்மானிப்பது. கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும்போது நோயின் தீவிரத்தைப் பொறுத்து 6 மாதமோ, 18 முதல் 36 மாதமோ. பரவிய நோய்க்குப் பெரும்பாலும் தொடர்ந்து. இடைவெளி விட்டுத் தரலாமா என்பதற்கும் ஆய்வு உண்டு. கதிர்வீச்சுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைக் காட்டும், ரத்தத்தில் அளக்கப்படும் புராஸ்டேட் புரதம்) மட்டும் ஏறியவர்களை வைத்து 2012இல் வெளியான ஆய்வில், விட்டு விட்டு எடுத்தவர்கள் சராசரியாக 8.8 வருடமும் தொடர்ந்து எடுத்தவர்கள் 9.1 வருடமும் வாழ்ந்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை, சூட்டுத் தொல்லையும் ஆசைக் குறைவும் இடைவெளி விட்டவர்களுக்குக் குறைவு. பரவிய நோயில் 2013இல் வந்த ஆய்வு அந்த உறுதியைத் தரவில்லை. எனவே இது மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டியது. தொல்லை தாங்காமல் தவணையைத் தானாகத் தவறவிடுவது இடைவெளிச் சிகிச்சை ஆகாது.

ஊசி நின்ற அன்றே பழைய உடம்பு திரும்பாது. டெஸ்டோஸ்டிரோன் எழுவதற்குப் பல மாதங்கள், பலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். நீண்ட காலம் எடுத்த முதியவர்களில் சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. ஹீரோ ஆய்வில் நிறுத்திய 90 நாளில் ரெலுகோலிக்ஸ் எடுத்தவர்களில் 54 சதவீதத்தினருக்கு அது இயல்பு அளவைத் தொட்டிருந்தது, லியூப்ரோலைடு எடுத்தவர்களில் 3 சதவீதத்தினருக்கு மட்டுமே. இந்தக் காலத்தில் பி.எஸ்.ஏ. பார்க்கும்போதெல்லாம் டெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் இன்னும் கீழேயே கிடக்கும்போது பி.எஸ்.ஏ. குறைவாக இருப்பது, நோய் அடங்கியதற்கான சான்று அல்ல. பழைய ஊசி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருளாக இருக்கும்.